பார்லருக்கு ட்ரெயினிங் பெண் வருகிறாள், என்ன வேலை கொடுப்பது?

ஐடிஐயிலிருந்தோ அழகுக்கலை சொல்லித்தரும் ஏதாவது ஒரு நிலையத்திலிருந்தோ போன் வரும். "மேடம், எங்க பொண்ணு ஒருத்தி ஒரு மாசம் உங்க பார்லர்ல ட்ரெயினிங் எடுத்துக்கட்டுமா?" கூட ஒரு கை இருந்தால் நல்லதுதானே என்று நாமும் சரி சொல்லிவிடுவோம். அந்தப் பெண் வந்து பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான், இவளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று நாம் யோசிக்கவே இல்லை என்பது உறைக்கும். கஸ்டமர் முகத்தில் கை வைக்க விட முடியாது. சும்மா உட்கார வைத்தால் மதியத்துக்குள் போனை எடுத்துவிடுவாள், அவளைக் குறை சொல்லவும் முடியாது. கடைசியில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவோம். ஒரு மாதம் முடி கூட்டி, டீ வாங்கி வந்து, ஒரு சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் புதிதாகக் கடை போட்டு, முதல் முறையாக ட்ரெயினிங் பெண்ணை எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்குப் பாதி உதவும். மீதிப் பாதி குளிர், மழை, கடைசி பஸ் சம்பந்தப்பட்டது. தரை துடைப்பதற்கும் கஸ்டமரைத் தொடுவதற்கும் நடுவில் பார்லரில் எக்கச்சக்கமான வேலை கிடக்கிறது. நாம் எல்லாவற்றையும் பழக்கத்தில் செய்துவிடுவதால் அது வேலையாகவே நம் கண்ணில் படுவதில்லை. அதை எடுத்து வரிசைப்படுத்திக் கொடுத்தால் போதும், அவளுக்கும் நேரம் போகும், உங்களுக்கும் நிஜமாகவே உதவி கிடைக்கும்.

அவள் வருவதற்கு முன்பே

முதலில் காகிதம். படிக்கிற இடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தினம் எத்தனை மணி நேரம், என்னென்ன பழக வேண்டும், பொறுப்பாசிரியர் போன் நம்பர் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி ஓராண்டுப் படிப்பு. அங்கிருந்து வருகிறவளுக்குத் தியரி ஓரளவு தெரிந்திருக்கும், கை ஓடாது. சுய உதவிக் குழு வழியாகக் குறுகிய காலப் பயிற்சி முடித்து வருகிறவருக்கு நேர்மாறு: அக்கா தங்கை, பக்கத்து வீட்டுப் பெண் எல்லாருக்கும் ஐப்ரோ எடுத்துக் கை பழகியிருக்கும், ஆனால் ஒன்றை ஏன் செய்கிறோம் என்று கேட்டால் பதில் வராது. ப்ளஸ் டூ முடித்து நேராக வருகிற பிள்ளைக்கு இரண்டுமே இருக்காது. மூவருக்கும் ஒரே வேலையைக் கொடுக்க முடியாது என்பதால் இதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

வயதையும் கேளுங்கள். 14 வயது நிறையாத பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைக்கச் சட்டத்தில் இடமில்லை. 18க்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, அம்மாவோ அப்பாவோ ஒரு முறை கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

அப்புறம் பஸ். எந்த ஊர், எத்தனை மணி பஸ், அதை விட்டால் அடுத்தது எப்போது? எங்கள் பக்கம் ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் கிராமங்களுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டால் மெயின் ரோட்டில் இறங்கித் தேயிலைத் தோட்டத்து வழியாக நடக்க வேண்டியிருக்கும். கோத்தகிரியில் கரடி, குன்னூரில் காட்டெருமை, ஆறு மணிக்கு மேல் பனிமூட்டம் வேறு. கல்யாண ஆர்டர் தலைக்கு மேல் இருந்தாலும் இருட்டுவதற்குள் அவள் வீட்டுக்குப் போய்ச் சேருகிற மாதிரி அனுப்பிவிடுங்கள். ரிசார்ட்டிலிருந்து போன் வரும், ரூமுக்கே வந்து பெடிக்யூர் செய்ய வேண்டும், மேக்கப் போட வேண்டும் என்பார்கள். அதற்கு ட்ரெயினிங் பெண்ணைத் தனியாக அனுப்புகிற பேச்சே கூடாது. யார் எவ்வளவு தெரிந்தவர்களாக இருந்தாலும் சரி.

சம்பளம் பேசவில்லை என்றாலும் பஸ் காசும் மதியச் சாப்பாடும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

முதல் நாள்

முதல் நாள் வேலை எதுவும் வேண்டாம், கடையைச் சுற்றிக் காட்டுங்கள். எது எங்கே இருக்கிறது என்பதோடு, எதைத் தொடவே கூடாது என்பதையும் கையோடு காட்டிவிட வேண்டும். சூடான வேக்ஸ் ஹீட்டர், கீசர் சுவிட்ச், ப்ளேடு டப்பா, ஹேர் கலரில் கலக்குகிற பெராக்சைடு பாட்டில்கள். முடியை நேராக்குகிற ஸ்மூத்தனிங், கெராட்டின் நடக்கும்போது அவள் பக்கத்தில் நிற்க வேண்டாம். அந்த மருந்துகள் சிலவற்றில் சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வரும், கண்ணும் மூக்கும் எரியும். குளிருக்கு ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி வைக்கிற பழக்கம் நம் ஊரில் வேறு இருக்கிறது. அந்த வேலை நடக்கிற நேரத்திலாவது ஜன்னலைத் திறந்துவிடுங்கள், உங்கள் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நகம் வெட்டியிருக்க வேண்டும், முடி கட்டியிருக்க வேண்டும், மோதிரம், வளையல் வீட்டில் இருக்கட்டும். போன் பைக்குள். கஸ்டமரைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது எந்தக் காரணத்துக்கும் கிடையாது, பின்னலை மட்டும் எடுத்தேன் என்றாலும் கிடையாது.

இன்னொன்றையும் முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லுங்கள். பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தால் பெண்கள் மனதில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். யாருக்கு முடி கொட்டுகிறது, யார் வீட்டு நிச்சயதார்த்தம் நின்றுபோயிற்று, யார் மாமியாரோடு பேசுவதில்லை. சின்ன ஊர் இது. இங்கே கேட்டதை அவள் பஸ்ஸில் சொன்னால் அன்று ராத்திரிக்குள் சம்பந்தப்பட்டவர் வீட்டுக்கே போய்விடும். அடுத்த மாதம் அந்தக் கஸ்டமர் வேறு கடைக்குப் போவார், ஏன் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தினமும் பார்த்தது, செய்தது, புரியாதது மூன்றையும் எழுதட்டும். படிக்கிற இடத்தில் கொடுத்த பதிவேடு வேறு, இது வேறு.

ட்ராலிதான் முதல் பாடம்

இரண்டாம் நாளிலிருந்து ட்ராலியை அவள் பொறுப்பில் விட்டுவிடுங்கள். கஸ்டமரைத் தொடாமலேயே மொத்தத் தொழிலையும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீங்கள் "ஃப்ரூட் ஃபேஷியல்" என்றால் அவள் ட்ராலியை அடுக்க வேண்டும்: ஹெட் பேண்ட், கவுன், டவல் இரண்டு, வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணம், பஞ்சு, ஸ்பாஞ்ச், க்ளென்சிங் மில்க், ஸ்க்ரப், மசாஜ் க்ரீம், பேக், ப்ரஷ், ஸ்பேட்டுலா. எந்தப் பொருள் முதலில் வேண்டுமோ அது உங்கள் வலது கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கடைசியில் வேண்டியது பின்னால். கூட்டமில்லாத நேரத்தில் யாருமே இல்லாத நாற்காலிக்கு அடுக்கச் சொல்லுங்கள். வேக்ஸிங் என்று சொல்லிப் பாருங்கள், ஹேர் ஸ்பா என்று சொல்லிப் பாருங்கள். எதை மறந்தாள் என்று உடனே சொல்லாமல் நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, செய்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கையை நீட்டுங்கள். ஸ்பேட்டுலா இருக்க வேண்டிய இடத்தில் கை வெறுமனே நிற்கும்போது அவளுக்கே புரிந்துவிடும்.

க்ரீமை விரலால் தோண்டி எடுக்கக் கூடாது என்பதையும் ட்ராலியில்தான் பழக்க முடியும். வேண்டிய அளவை ஸ்பேட்டுலாவால் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டால் ஜாடி சுத்தமாக இருக்கும், க்ரீமும் வீணாகாது. வேக்ஸ் கத்தியை ஒருவர் காலில் தடவிவிட்டு மறுபடி அதே சட்டியில் முக்குகிற பழக்கம் நிறையக் கடைகளில் இருக்கிறது, நம் கடையில் அவள் அதைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அதையே கற்றுக்கொள்வாள். ட்ரெயினிங் பெண் ஒருத்தி கடையில் இருப்பதில் இது ஒரு லாபம், நம் குறுக்கு வழிகளை நாமே விட்டுவிடுவோம்.

ட்ராலிக்கு வேண்டிய சில்லறை வேலைகளும் அவளுக்கே. வேக்ஸ் ஸ்ட்ரிப் ரோலைக் கைக்கு ஒரு அளவு, காலுக்கு ஒரு அளவு, உதட்டு மேலுக்கு ஒரு அளவு என்று வெட்டி அடுக்குவது. பஞ்சு ரோலைச் சதுரமாகப் பிரித்து டப்பாவில் போடுவது. ஃபாயிலை ஒரே நீளத்தில் கிழித்து ஓரம் மடிப்பது. சனி, ஞாயிறு கூட்டத்தில் இதெல்லாம் தயாராக இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

குளிர் ஊருக்கென்று இரண்டு விஷயம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், நம் ஊரில் பெரும்பாலான நாள் காலையில் அது கட்டியாகத்தான் இருக்கும். ஹேர் ஆயில் மசாஜ் அப்பாயின்ட்மென்ட் இருந்தால் பாட்டிலைச் சுடுதண்ணீர்ச் சொம்பில் இறக்கி வைப்பது அவள் வேலை. வேக்ஸ் உருகவும் இங்கே அதிக நேரம் பிடிக்கும், கத்தியில் எடுத்த பிறகு சீக்கிரம் இறுகியும் விடும். அதனால் பத்தரைக்கு வேக்ஸிங் என்றால் பத்து மணிக்கே உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியது அவள்தான். ஹீட்டர் சுவிட்சைப் போடுவது மட்டும் நீங்கள்.

சீப்பு கழுவுவது எடுபிடி வேலை இல்லை

சுத்தம் செய்கிற வேலையைக் கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம், காரணத்தோடு கொடுங்கள். சீப்பிலிருந்து முடியை எடுத்து, சோப்புத் தண்ணீரில் பழைய டூத் ப்ரஷ்ஷால் பல் இடுக்கைத் தேய்த்து, அலசி, அதற்கப்புறம்தான் கிருமிநாசினியில் போட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே முக்கினால் மருந்து சீப்பைத் தொடவே தொடாது. எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது பாட்டிலிலேயே போட்டிருக்கும், அவளையே படிக்கச் சொல்லுங்கள். ட்வீசர், கத்தரிக்கோல் போன்ற இரும்புச் சாமான்களைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து 70 சதவீத ஆல்கஹாலில் சுத்தம் செய்யலாம். அந்த பாட்டில் வேக்ஸ் ஹீட்டர் பக்கம் போகக் கூடாது, தீப்பிடிக்கிற சாமான்.

கொதிக்கிற தண்ணீரில் போட்டால் போதாதா என்று கேட்பாள், வீட்டில் அப்படித்தான் பார்த்திருப்பாள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 100 டிகிரி வரை போகாது, 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக இங்கே ஏன் அத்தனை நேரம் ஆகிறது என்பதற்கும் இதுதான் காரணம் என்று சொல்லுங்கள், மறக்க மாட்டாள். சமவெளியிலேயே கொதிநீரை முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது, இங்கே கேட்கவே வேண்டாம். நீல விளக்கு எரிகிற யூவி பெட்டியும் அப்படித்தான். ஏற்கெனவே சுத்தம் செய்ததைப் பத்திரமாக வைக்கத்தான் அது, அழுக்குச் சீப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் அழுக்குச் சீப்பாகவேதான் வெளியே வரும்.

ப்ளேடு ஒருவருக்கு ஒன்று. பயன்படுத்தியதை மூடி போட்ட தகர டப்பாவில் நீங்களே போடுங்கள், அவள் தொட வேண்டாம். ரத்தம் வழியாக ஹெபடைட்டிஸ் பி, சி, ஹெச்ஐவி எல்லாம் பரவும் என்பதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

குப்பை பிரிப்பதும் இதோடு சேரும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, அதனால் கஸ்டமருக்குத் தண்ணீர், டீ எல்லாம் எவர்சில்வர் டம்ளரிலேயே போகட்டும்.

மழை மாதத்து டவல்

ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, அது ஓய்வதற்குள் அக்டோபரில் அடுத்த மழை. டவல் காயாது. காயாத டவலை மடித்து வைத்தால் ஒரு வாடை வரும். அந்த டவலைத் தலையில் சுற்றினால் நீங்கள் எவ்வளவு நல்ல ஸ்பா செய்திருந்தாலும் கஸ்டமருக்கு அந்த வாடைதான் ஞாபகம் இருக்கும். டவல் கணக்கை ட்ரெயினிங் பெண்ணிடம் ஒப்படையுங்கள். காலையில் எத்தனை காய்ந்தது, எத்தனை ஈரம், இன்றைய அப்பாயின்ட்மென்ட்டுக்கு எத்தனை வேண்டும் என்று நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு உங்களிடம் சொல்ல வேண்டும். அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கட்டும். ஹேர் கலருக்குக் கறுப்பு டவல், முகத்துக்கு வெள்ளை டவல், காலுக்குத் தனி, இது கலந்துவிடவே கூடாது. துவைக்கும்போது சுடுதண்ணீர், மெஷினில் 60 டிகிரி இருந்தால் அதில் போடச் சொல்லுங்கள்.

கை பழகுவது

ஒரு வாரம் ஆனதும் கைக்கு வேலை கொடுக்க ஆரம்பியுங்கள். கஸ்டமரிடம் இல்லை, இன்னும் இல்லை.

த்ரெட்டிங் எல்லாப் பெண்களுக்கும் முதல் ஆசை. ஒன்றரை முழம் பருத்தி நூலை எடுத்து முனைகளை முடிந்து வட்டமாக்கி, இரண்டு கையிலும் மாட்டி நடுவில் சுற்றிவிட்டு, ஒரு கையை விரித்தால் முறுக்கு மறுபக்கம் ஓட வேண்டும். இதை மட்டும் இரண்டு நாள் செய்யட்டும். டீ நேரத்தில், கஸ்டமர் இல்லாத நேரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில்கூட. அப்புறம் அவள் காலிலேயே, முழங்காலுக்குக் கீழே. வலிக்கும். எங்கே தோலைப் பிடித்து இழுக்காமல் விட்டால் எப்படி வலிக்கிறது என்று அவள் தன் காலில் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கடுத்து உங்கள் கை, கூட வேலை செய்கிறவர்கள் கை. நூலை வாயில் கடித்து இழுப்பது பழைய பழக்கம், இப்போது வருகிறவர்களுக்குக் கழுத்தில் மாட்டுகிற முறையையே முதலிலிருந்து பழக்கிவிடலாம், சுத்தத்துக்கு அதுதான் சரி.

நீங்கள் ஐப்ரோ எடுக்கும்போது அவள் எதிர்ப்பக்கம் நிற்கட்டும், உங்களுக்குப் பின்னால் நின்றால் உங்கள் முழங்கையைத்தான் பார்ப்பாள். கஸ்டமரிடம் "மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து இழுத்துப் பிடிச்சுக்கோங்க அக்கா" என்று சொல்வதும், பவுடர் தொட்டு வைப்பதும், முடிந்ததும் கண்ணாடி நீட்டுவதும் அவள் வேலை. அதோடு இன்னொன்று: டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியாக இருக்கிற காலையில் நம் விரல் ஐஸ் மாதிரி இருக்கும். அந்த விரலைக் கண்ணுக்கு மேல் வைத்தால் கஸ்டமர் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார், நூல் பாதியில் நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் முகம் தொட வேண்டும். உங்களுக்கும் சேர்த்து அந்தக் கிண்ணத்தைத் தயாராக வைப்பது அவள் பொறுப்பு.

கஸ்டமரிடம் அவள் முதலில் செய்யப்போகிற வேலை ஹேர் வாஷ். அதுதான் சரியும்கூட. அதைச் சுலபம் என்று நினைத்து நேராக விட்டுவிடாதீர்கள், முதலில் உங்கள் தலையைக் கொடுங்கள். கழுத்துக்கு அடியில் டவல் மடிப்புச் சரியாக இருக்கிறதா, காதுக்குள் தண்ணீர் போகிறதா, நகம் படுகிறதா என்பதெல்லாம் படுத்திருந்தால்தான் தெரியும். தண்ணீர்ச் சூடுதான் இதில் பெரிய பாடம். நம் ஊர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி வரும், கீசர் பக்கம் கொதிக்கும், இரண்டையும் கலந்து மணிக்கட்டின் உட்பக்கத்தில் பார்த்துச் சரிசெய்து வைத்திருக்கிற நேரத்தில் பின்னால் யாராவது குழாயைத் திறப்பார்கள், சட்டென்று சூடு ஏறிவிடும். அதனால் ஷவரைப் பிடித்திருக்கிற கையின் சுண்டுவிரல் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கஸ்டமர் தலைக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும், கையைத் திருப்பிவிடலாம். இந்த ஒன்றைப் பழக்கப்படுத்திவிட்டால் ஹேர் வாஷை நம்பிக் கொடுத்துவிடலாம்.

தலை டம்மி இருந்தால் டெயில் கோம்பால் நாலு பாகமாகப் பிரித்து க்ளிப் போடுவது, வகிடு நேராக எடுப்பது, பின்னல், கொண்டை, பூ ஜடை எல்லாம் பழகலாம். இல்லையென்றால் கூட வேலை செய்கிறவர்களின் தலைதான். ப்ளோ ட்ரை டம்மியில் போதும்.

ஆள் வராத நாளுக்கென்று ஒரு வேலைக் கட்டு

ஆடி மாதம் நமக்கு இரண்டு விதத்திலும் மந்தம். முகூர்த்தம் கிடையாது, மழை வேறு. கரண்ட் போனால் ட்ரையர், ஹீட்டர் எதுவும் ஓடாது. இந்த நாட்களில்தான் ட்ரெயினிங் பெண் கதவோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதற்கென்று சில வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அலமாரியில் இருக்கிற எல்லா டப்பாவையும் இறக்கி லேபிள் படிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதி எது, திறந்த மூடி படத்துக்குள் 12 என்று போட்டிருந்தால் திறந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அர்த்தம், திறந்த தேதியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டட்டும். முதலில் தீர வேண்டியது முன்னால் வரட்டும். ஹேர் டை டப்பாக்களில் பிபிடி என்ற, அலர்ஜி உண்டாக்கக்கூடிய பொருள் எதிலெல்லாம் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள், கறுப்பு ஹென்னா என்று விற்கிற பொடிகள் சிலவற்றிலும் அது இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவாள். அங்கிருந்து பேட்ச் டெஸ்ட்டுக்குப் போகலாம். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும், அரிப்பு, சிவப்பு வந்தால் அந்தக் கலர் கிடையாது. யாருக்கு எப்போது டெஸ்ட் செய்தோம், என்ன ஆயிற்று என்ற நோட்டு அவள் பொறுப்பு. டூரிஸ்ட் வந்து இன்றைக்கே கலர் போட வேண்டும், நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறோம் என்பார்கள். முடியாது என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதை அவள் பக்கத்தில் நின்று கேட்கட்டும். பணம் வருகிற இடத்தில் மாட்டேன் என்று சொல்வதை எந்தப் பாடத்திட்டத்திலும் சொல்லித்தர மாட்டார்கள்.

பெராக்சைடு கணக்கும் மழை நாளில்தான். 10 வால்யூம் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. கலக்கிப் பழக நிஜ மருந்து வேண்டாம், கண்டிஷனர் போதும். தராசில் கிண்ணத்தை வைத்து, கலர் ஒன்றுக்குப் பெராக்சைடு ஒன்றரை என்றால் நாற்பது கிராமுக்கு அறுபது என்று அளந்து ப்ரஷ்ஷால் கட்டியில்லாமல் கலக்கி, டம்மி முடியில் மெல்லிய பாகமாக எடுத்து வேரிலிருந்து தடவட்டும். கழுத்திலும் நெற்றியிலும் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் மதிப்பெண் நீங்கள் போட வேண்டியதே இல்லை.

புடவை ஒன்று. கட்டுவதற்கு முன்பே புடவையை மடிப்பு வைத்துத் தயார் செய்கிற ப்ரீ-ப்ளீட்டிங் தெரிந்த பெண்ணுக்கு இப்போது எந்தக் கடையிலும் மதிப்பு. முந்தானை மடிப்பு ஒரே அகலத்தில் வர, விரல் அளவு வைத்து மடித்து, க்ளிப் போட்டு, மேலே ஒரு காட்டன் துணி விரித்து இஸ்திரி போட்டு, பெட்டி மடிப்பாக மடிப்பது வரை. உங்கள் பழைய புடவை ஒன்றைக் கொடுங்கள், பட்டுப் புடவை பிறகு.

கஸ்டமர் கேட்கிற கேள்விகளுக்கு விடை எழுதி வைப்பதும் நல்ல வேலை. "இங்கே வெயிலே இல்லையே, இரண்டு நாளில் முகம் எப்படிக் கறுத்தது?" என்று டூரிஸ்ட் எல்லாரும் கேட்பார்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது, காற்று குளிர்ச்சியாக இருப்பதால் நமக்குச் சுடுவது தெரிவதில்லை, அவ்வளவுதான். இதை அவள் தன் வார்த்தையில் சொல்லிப் பழகினால் சன்ஸ்க்ரீன் தானாக விற்கும். அதற்காக விற்பனைக்கு என்று அவளைத் தள்ளாதீர்கள், கமிஷன் கணக்கெல்லாம் இந்த வயதில் வேண்டாம்.

கூட்ட நாளில்

மே மாதம், மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊரே டூரிஸ்ட். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்கள். அன்றைக்கு எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது, அதனால் புது வேலை எதுவும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பழகிய ஒரே ஒரு இடத்தை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள்: ட்ராலி, அல்லது ஹேர் வாஷ், அல்லது வாசலில் அப்பாயின்ட்மென்ட் நோட்டு. மூன்றிலும் ஓட விட்டால் மூன்றும் கெடும். மணப்பெண் அலங்காரத்துக்கு ஹட்டிக்கு ஜீப்பில் போகிறீர்கள் என்றால் அவளையும் கூட்டிப்போகலாம், வீட்டில் சொல்லிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுகிற பொறுப்போடு. பெட்டியில் என்ன வைத்தோம் என்று எழுதி, திரும்பும்போது அதைப் பார்த்துச் சரிபார்ப்பது அவள் வேலை. ஹேர்பின்னும் சேஃப்டி பின்னும் யார் வீட்டிலும் எண்ணிக்கை சரியாகத் திரும்பியதில்லை, அதை விட்டுவிடலாம்.

முதல் கஸ்டமர்

மூன்றாவது, நாலாவது வாரத்தில் ஒரு நாளை மாடல் நாளாக வையுங்கள். தெரிந்தவர்களை வரச்சொல்லி, "ட்ரெயினிங் பொண்ணு செய்வா, நான் பக்கத்துலயே இருப்பேன், காசு வேண்டாம்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சம்மதம் என்றால் மட்டும். சொல்லாமல் முழுக் காசு வாங்கிக்கொண்டு ட்ரெயினிங் பெண்ணை விட்டுச் செய்யவைப்பது ஏமாற்று வேலை, அப்படி நடத்துகிற இடங்களும் இருக்கின்றன.

ஹேர் வாஷுக்கு அடுத்தபடியாக மேனிக்யூர், பெடிக்யூரில் தொடங்கலாம். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை தேயிலை பறிக்கிற அக்காக்கள் வருவார்கள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருக்கும், நகத்தோரம் மெல்லிய வெட்டுக் கோடுகள் இருக்கும், குதிகால் வெடித்திருக்கும். யூடியூபில் பார்த்ததை வைத்து எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கப் போவாள், அதை முன்னாலேயே தடுத்துவிடுங்கள், அந்த வெட்டில் பட்டால் உயிர் போகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, மென்மையான ப்ரஷ்ஷால் நகத்தடியை மட்டும் தேய்த்து, குதிகாலில் இறந்த தோலை மட்டும் கல்லால் எடுத்து, வாசலினோ க்ரீமோ தாராளமாகப் போட்டு விடலாம். ஆழமாக வெடித்து ரத்தம் தெரிந்தால் கல் போடவே கூடாது. முழுக் கறையும் ஒரே நாளில் போகாது என்பதை அந்த அக்காவே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார், நாளைக்கு மறுபடி தோட்டத்துக்குத்தானே போகப்போகிறார். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் காலைத் தொட வேண்டும் என்பதை அவள் நோட்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

த்ரெட்டிங்கில் முதலில் நெற்றி, உதட்டு மேல், கடைசியில்தான் புருவம். புருவத்தில் ஒரு முடி அதிகமாகப் போனால் கஸ்டமர் வாரக்கணக்கில் கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மாத ட்ரெயினிங்கில் புருவம் வரை போகவில்லை என்றால் பரவாயில்லை. வேக்ஸிங், ப்ளீச், ஹேர் கட் எல்லாம் இந்த ஒரு மாதத்தில் பார்ப்பதோடு சரி, அவள் கேட்டாலும், அவள் அம்மா கேட்டாலும்.

பதிவேடும் சான்றிதழும்

படிக்கிற இடத்துப் பதிவேட்டில் தினமும் சாயங்காலம் அவள் கிளம்புவதற்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று வைத்தால் "ஃபேஷியல் உதவி" என்று முப்பது நாளும் ஒரே வரி இருக்கும். அன்றன்றைக்கு என்றால் "ட்ராலி தனியாக அடுக்கினாள், ஹேர் வாஷ் இரண்டு பேருக்கு" என்று எழுத முடியும். வாரம் ஒரு நாள் பத்து நிமிஷம் ஒதுக்கி எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், கஸ்டமர் முன்னால் இல்லாமல்.

சான்றிதழில் "நன்றாகப் பயிற்சி பெற்றார்" என்று மட்டும் எழுதினால் அடுத்த கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது. என்ன வேலையைத் தனியாகச் செய்வாள், எதை மேற்பார்வையில் செய்வாள் என்று பிரித்து எழுதுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுத வேண்டாம், அவள் அதைக் காட்டி வேலைக்குச் சேர்ந்து இன்னொருவர் தலையில் பெராக்சைடு கலக்கப்போகிறாள். பெண் கெட்டிக்காரி, கடையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் ட்ரெயினிங் முடிந்த பிறகு, அவள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போது, சம்பளத்தையும் லீவையும் பஸ் நேரத்தையும் சேர்த்துப் பேசி முடிவு செய்யுங்கள். படிப்பு இன்னும் பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டு வரச்சொல்லுங்கள்.